ஆயிரம் அடிக்குக் கீழே வெதுவெதுப்பு: ஒரு ரிக் குடும்பத்துக்கு எழுதிய பதில்

போன சனிக்கிழமை திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம், பிள்ளைகள் என்ன படிக்கலாம் என்று ஆலோசனை சொல்கிற என்னைப் பார்க்க வந்தது. அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். இருபது வருடத்துக்கு மேலாக ஊர் ஊராகப் போய் போர் போடுகிறவர். வருடத்தில் பாதி மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் கழிகிறது. அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே தாய்மாமா. மாமாவுக்குச் சொந்தமாக இரண்டு வண்டி. முக்கால் மணி நேரமும் பெரும்பாலும் அவர்தான் பேசினார். கிளம்பும்போது அப்பா மட்டும் வாசலில் நின்று, “புள்ள வாழ்க்கை என்னாகுமோன்னு ராத்திரி தூக்கமே வர்றதில்லீங்க” என்றார். அவருக்கு நான் எழுதிய பதில் இது. அவர் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி, இதே கவலையில் இருக்கிற மற்ற பெற்றோருக்காகவும் வைக்கிறேன்.

அண்ணா,

பாப்பா கெட்டிக்காரி. ஒரு சீட்டு கிடைக்காததால் அவள் வாழ்க்கை கெட்டுப்போகாது. நிம்மதியாகத் தூங்குங்கள். ஆறுதலாகச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். இனிமேல் சொல்வது உங்கள் மச்சானுக்குக் கசக்கும். உங்களுக்கும் கொஞ்சம் கசக்கலாம்.

தனியார் பொறியியல் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு படிக்க மச்சான் சொல்கிற அந்த மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டை வாங்காதீர்கள்.

கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஹாஸ்டலோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு 14 லட்சம் என்றீர்கள். கையில் இருப்பது 4 லட்சம். மிச்சம் 10 லட்சத்தை வீட்டுப் பத்திரத்தை வைத்து ரெண்டு வட்டிக்கு ஏற்பாடு செய்வதாக மச்சான் சொல்கிறார். முழுத் தொகையும் வாங்கி முடித்த பிறகு மாதம் 20,000 ரூபாய் வட்டி மட்டும் போகும். அசலில் ஒரு ரூபாய் குறையாது. நல்ல மழை பெய்த வருடங்களில் வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் என்று சொன்னது நீங்கள்தான். வண்டி நின்றாலும் வட்டி நிற்காது. படிப்பு முடித்து அவள் வாங்கப்போகும் முதல் சம்பளத்தில் 20,000 ரூபாய் இப்போதே இன்னொருவருடையது ஆகிவிடும். உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு வீடு. எந்தப் பாடத்தின் பெயருக்காகவும் அந்தப் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

செயற்கை நுண்ணறிவுப் படிப்பு மோசமானது என்று நான் சொல்லவில்லை. அதற்கென்றே பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் நானே அதைப் படிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பாப்பா அப்படிப்பட்டவள் இல்லை. இதை அவள் எப்படிச் சொன்னாள் என்று நீங்கள் கவனித்தீர்களா?

அன்று அவள் வாய் திறந்தது ஒரே ஒரு முறை. எது பிடிக்கும் என்று நான் கேட்டபோது மாமா பதில் சொல்லிவிட்டார். அதனால் கேள்வியை மாற்றி, லீவில் என்ன செய்வாய் என்று கேட்டேன். அப்பா உள்ளூரில் போர் போடும்போது கூடப் போவேன், ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் மேலே வருகிற தூளைக் கொஞ்சம் எடுத்து மருந்து பாட்டிலில் போட்டு அடி எழுதி வைப்பேன் என்றாள். நாற்பது பாட்டில் சேர்ந்திருக்கிறதாம். பிறகு மெதுவாக, “ஆயிரம் அடிக்குக் கீழ வர்ற தண்ணி ஏங்க வெதுவெதுன்னு இருக்குது?” என்று கேட்டாள். மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இந்த வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் பூமியைப் பற்றிக் கேள்வி கேட்டதில்லை.

அவளுக்கு அன்று சொல்ல முடியாமல் போன பதில் இதுதான். பூமிக்குள் கீழே போகப் போகச் சூடு ஏறும். சாதாரண இடங்களில் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25, 30 டிகிரி கூடும். ஆயிரம் அடி என்பது சுமார் 300 மீட்டர். அதனால் ஏழெட்டு டிகிரி கூடும். உங்கள் கை அந்த ஏழெட்டு டிகிரியைத்தான் வெதுவெதுப்பாக உணர்கிறது. சில இடங்களில் பூமியின் மேலோடு உடைந்து, நசுங்கி, சூடு மேலே ஏறி வந்திருக்கும். அங்கே இதே கணக்கு பல மடங்காகும். அப்படிப்பட்ட இடங்களில் ஒன்றுதான் லடாக்கில் இருக்கிற புகா பள்ளத்தாக்கு.

லே நகரத்தில் இருந்து சுமார் 180 கிலோமீட்டர். கடல் மட்டத்தில் இருந்து 14,000 அடிக்கு மேல். இந்தியத் தட்டும் ஆசியத் தட்டும் மோதி ஒட்டிய தையல் அந்த வழியாகத்தான் போகிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 85 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். புகாவின் ஊற்றுகளில் வருகிற நீர் 84 டிகிரி. தரையில் இருந்தே கொதிக்கக் கொதிக்க வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை, அதாவது ஜி.எஸ்.ஐ., அங்கே 34 துளைகள் போட்டது. அவற்றில் மிக ஆழமானது 385 மீட்டர், உங்கள் கணக்கில் 1,260 அடி. போன மாதம் நீங்கள் ஒரு தோட்டத்தில் 1,300 அடி இறக்கியதாகச் சொன்னீர்கள். அதைவிடக் குறைந்த ஆழத்தில் அங்கே பல துளைகளில் வெந்நீரும் நீராவியும் பீறிட்டு வந்தன.

ஆனால் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுக்கு மேலாக அங்கே மின்சாரம் எடுக்கிற வேலை நகரவில்லை. 2021 பிப்ரவரியில்தான் மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யின் எரிசக்தி மையம், லடாக் நிர்வாகம், லே மலை மேம்பாட்டுக் குழு மூவரும் ஒப்பந்தம் போட்டார்கள். முதல் கட்டமாக 1 மெகாவாட் நிலையம் என்று திட்டம். 2022இல் துளை போட ஆரம்பித்தபோது, அந்த ஆகஸ்ட் மாதம் கீழிருந்து வந்த நீர் கட்டுக்கு அடங்காமல் வெளியேறிப் புகா ஓடையில் கலந்தது. வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த நீரில் போரான் முதலிய உப்புகள் உண்டு. மேய்ச்சலை நம்பி வாழ்கிற சாங்பா மக்களின் பள்ளத்தாக்கு அது; ஆடும் யாக்கும் குடிக்கிற ஓடை அது.

அண்ணா, இதை நான் ஏன் உங்களிடம் சொல்கிறேன் தெரியுமா? அடுத்த அடியில் என்ன பாறை வரும், எங்கே கேசிங் நிறுத்த வேண்டும், எப்போது ஹேமரைத் தூக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அங்கே எவ்வளவு மதிப்புள்ளவர் என்பது இந்த நாட்டில் வேறு யாரையும் விட உங்களுக்குப் புரியும். ரிக் தொழிலில் இருபது வருடமாக நீங்கள் காதாலும் கையாலும் கற்றதைப் பாப்பா கண்ணாலும் கணக்காலும் கற்க விரும்புகிறாள். மச்சான் “கல்லு மண்ணோட நாம பட்டது போதும், புள்ள ஏ.சி. ரூம்ல உக்காரட்டும்” என்றார். அந்த ஆசைக்குள் இருக்கிற வலி எனக்குத் தெரிகிறது. நீங்கள் பட்ட கஷ்டம் கல்லால் வந்தது இல்லை. டீசல் விலையால், ஏஜென்ட் கமிஷனால், வராத பாக்கியால் வந்தது.

பூமிச் சூட்டில் இருந்து மின்சாரம் எடுக்கிற அந்தப் புவிவெப்ப வேலையை இப்போது விவரமாகச் சொல்கிறேன்.

முதல் வேலை, எங்கே துளைப்பது என்று கண்டுபிடிப்பது. பூமிக்கு அடியில் வெந்நீர் தேங்கிய பாறை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். மேலே கருவிகளை நட்டு, பூமியின் இயற்கையான மின்காந்த அலைகளை அளந்து, கீழே கடத்தும் பகுதி எங்கே இருக்கிறது என்று படம் போடுவார்கள். ஹைதராபாத்தில் இருக்கிற தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் புகாவில் இதைச் செய்திருக்கிறது. புவிவெப்பத் திட்டங்களில் பணத்தில் பெரும் பங்கு கிணறு வெட்டுவதிலேயே போகிறது. ஒரு கிணறு தவறினால் கோடிகள் மண்ணுக்குள் போகும். நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயோடு வந்து சொன்ன இடத்தில் 900 அடியும் தண்ணீர் இல்லாமல் வெறும் புகையாக வந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும்.

இரண்டாவது, துளைக்கும்போது கூடவே இருந்து தூளைப் படிப்பது. ஆழமான கிணறுகளில் சில மீட்டருக்கு ஒருமுறை தூளை எடுத்துக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். சூடு பாறையை மாற்றியிருக்கும். எந்தக் கனிமம் உருவாகியிருக்கிறது என்பதை வைத்து அங்கே எவ்வளவு சூடு இருந்தது என்று சொல்லலாம். உதாரணமாக, எபிடோட் என்கிற பச்சை நிறக் கனிமம் தென்பட ஆரம்பித்தால் அங்கே சுமார் 240 டிகிரியைத் தொட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். மருந்து பாட்டிலில் அடி எழுதி வைக்கிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, வந்த வெந்நீரை மின்சாரமாக்குவது. அதிகச் சூடு இருந்தால் நீராவியே டர்பைனைச் சுற்றும். சூடு குறைவாக இருந்தால், அந்த வெந்நீரைக் கொண்டு சீக்கிரம் கொதிக்கிற இன்னொரு திரவத்தை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்றுவார்கள். வேலை முடிந்த நீரை இன்னொரு கிணறு வழியாகப் பூமிக்குள்ளேயே திருப்பி அனுப்புவார்கள். ஓடையைக் காப்பாற்றுவது அந்த இரண்டாவது கிணறுதான். அலாஸ்காவில் செனா என்கிற ஊற்றுப் பகுதியில் 2006இல் இருந்து வெறும் 74 டிகிரி நீரை வைத்தே மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்கு முன்பு அந்த இடம் முழுக்க டீசல் ஜெனரேட்டரில் ஓடியது. 74 டிகிரி என்பது நாம் ஆற்றிக் குடிக்கிற காபியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

நான்காவது ஹைட்ரஜன். பாப்பா இதைப் பற்றிச் செய்தியில் பார்த்ததாகச் சொன்னாள். இதைக் கணக்கோடு சொல்கிறேன். புவிவெப்ப நிலையம் இரவு பகல், வெயில் மழை பார்க்காமல் ஓடும். 1 மெகாவாட் நிலையத்தில் இரவு எட்டு மணி நேரம் பக்கத்துக் கிராமங்களும் முகாம்களும் 300 கிலோவாட் மட்டும் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 700 கிலோவாட். எட்டு மணி நேரத்துக்கு 5,600 யூனிட். அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்தால் கிலோவுக்கு 55 யூனிட் வீதம் சுமார் 100 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். ஒரு கிலோ ஹைட்ரஜனில் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான டீசலின் ஆற்றல் இருக்கிறது. மலைக் கணவாய் ஏறி லாரியில் வருகிற டீசலில் 300 லிட்டர் ஒரே இரவில் மிச்சம். கம்ப்ரசருக்கு டீசல் ஊற்றி ஊற்றிக் களைத்த உங்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் ஏமாற வேண்டாம். 55 யூனிட் போட்டுச் சேர்த்த ஹைட்ரஜனைத் திரும்ப மின்சாரமாக்கினால் 16, 17 யூனிட்தான் கைக்கு வரும். கம்பி இழுக்க முடிகிற ஊருக்கு இது வீண் செலவு. கம்பி போகாத முகாம், உயரத்தில் ஓடுகிற பேருந்து, வேறு யாரும் வாங்காமல் வீணாகப் போகிற இரவு மின்சாரம், இந்த மூன்றும் சேருகிற இடத்தில்தான் அது நியாயம். லேயில் மத்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி. சூரிய ஒளி மின்சாரத்தில் ஹைட்ரஜன் எடுத்து அதில் ஐந்து பேருந்துகளை ஓட வைக்கிற திட்டத்தைச் செய்திருக்கிறது. நியூசிலாந்தில் டௌபோ பக்கம் மொக்காய் என்ற இடத்தில் புவிவெப்ப மின்சாரத்திலேயே ஹைட்ரஜன் எடுத்திருக்கிறார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்களான மாவோரி மக்களின் அறக்கட்டளை அதில் பங்குதாரர். ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்டி நிலையத்திலும் எடுத்திருக்கிறார்கள். புவிவெப்பத்தையும் ஹைட்ரஜனையும் புகாவில் ஒன்றாகச் சேர்க்கிற வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும்.

இப்போது படிப்புக்கு வருகிறேன். பொறியியல் கலந்தாய்வு பற்றி உங்களுக்குச் சொல்ல ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள், அதை விடுகிறேன். பாப்பா பி.எஸ்சி. புவியியல் எடுக்கட்டும். மேப் படிக்கிற ஜியாகிரபி வேறு, இது ஜியாலஜி; விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயர் குழப்பும், கவனமாகப் பாருங்கள். சேலம் அரசு கலைக் கல்லூரியில் இருக்கிறது. வீட்டில் இருந்து பஸ்ஸில் போய் வரலாம். சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது, திருச்சி தேசியக் கல்லூரியில் இருக்கிறது. சேலத்தில் கிடைத்தால் சேலமே போதும். அரசுக் கல்லூரியில் வருடச் செலவு சில ஆயிரங்களுக்குள் அடங்கும். ஆறாம் வகுப்பில் இருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். கையில் இருக்கிற 4 லட்சத்தைத் தொடாதீர்கள். அது எம்.எஸ்சி.க்கு.

மூன்றாம் வருடத்தில் ஜாம் என்கிற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் ஜியாலஜி தனித் தாள். நல்ல இடம் வாங்கினால் கரக்பூர், ரூர்க்கி, மும்பை, தன்பாத் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம். பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் அவளுக்கு இருப்பது பெரிய பலம். ஜியாலஜிக்கு வருகிற பல பிள்ளைகள் கணக்கைக் கைவிட்டு வருகிறார்கள், அவள் விடக்கூடாது. வெப்பம் பாறையில் எப்படி நகர்கிறது என்பது முழுக்கக் கணக்கு. கம்ப்யூட்டர் மொழி ஒன்றைக் கூடவே கற்கட்டும். மாமாவின் ஆசையில் நல்ல பகுதி அது. அதற்கு 14 லட்சம் தேவையில்லை.

இந்தியாவில் இன்றைக்குப் புவிவெப்ப வேலை விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். வணிக அளவில் ஒரு நிலையம்கூட ஓடவில்லை. தெலங்கானாவின் மணுகுருவில் 20 கிலோவாட் சோதனை நிலையம் போன்ற சின்ன முயற்சிகளே உண்டு. முந்நூறுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் பதிவாகியிருக்கின்றன. நீங்கள் வேலை பார்த்த சத்தீஸ்கரில் தத்தாபானி அதில் ஒன்று. 2025 செப்டம்பரில்தான் மத்திய அரசு இதற்கென்று தேசியக் கொள்கையை அறிவித்தது. பாப்பா எம்.எஸ்சி. முடிக்க ஐந்து வருடம் ஆகும். அதற்குள் எவ்வளவு வளரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதனால்தான் புவிவெப்பம் என்று பெயர் போட்ட குறுகிய படிப்பு எதிலும் சேர்க்காமல் ஜியாலஜி என்கிறேன். அதே பட்டத்தோடு யு.பி.எஸ்.சி. நடத்துகிற புவி அறிவியலாளர் தேர்வு எழுதி ஜி.எஸ்.ஐ.க்கோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கோ போகலாம். அடிப்படைச் சம்பளமே 56,100 ரூபாயில் தொடங்குகிறது. டி.என்.பி.எஸ்.சி. வழியாக நம் மாநிலத்தின் புவியியல், சுரங்கத் துறை இருக்கிறது. எண்ணெய்க் கிணறு, சுரங்கம், அணை, சுரங்கப் பாதை எல்லாவற்றுக்கும் பாறை தெரிந்தவர் வேண்டும். அதில் ஒன்றில் கால் ஊன்றிய பிறகு ஐஸ்லாந்தின் ரெய்க்யவீக்கில், யுனெஸ்கோவின் கீழ் நடக்கிற ஆறு மாதப் புவிவெப்பப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். வளரும் நாடுகளில் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களுக்காகவே 1979இல் இருந்து நடக்கிறது. கென்யாக்காரர்கள் அங்கே ஏராளமாகப் படித்தார்கள். இன்று அவர்கள் நாட்டு மின்சாரத்தில் பெரும் பங்கு பூமிச் சூட்டில் இருந்து வருகிறது.

“பொட்டப்புள்ளைய மலையில கொண்டுபோய் விடறதா” என்று மச்சான் கேட்டார். சிரமம் உண்டு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை போகும், மூச்சு வாங்கும், லே போய் இறங்கினால் இரண்டு மூன்று நாள் படுத்து உடம்பைப் பழக்கித்தான் மேலே ஏற வேண்டும். முகாமில் பெண்களுக்குக் கழிப்பறையும் தனி அறையும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குச் சேர வேண்டும், அதில் சமரசம் கூடாது. ஆனால் ஜி.எஸ்.ஐ.யில் பெண்கள் இமயமலையில் களப்பணி செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். போகலாமா வேண்டாமா என்பதை இருபத்திரண்டு வயதில் அவள் முடிவு செய்யட்டும். பதினேழு வயதில் மாமா முடிவு செய்ய வேண்டாம். கல்யாணப் பேச்சையும் எடுத்தார். கடனில் மூழ்கிய வீட்டுப் பெண்ணைவிட, சொந்தச் சம்பளமும் அடமானம் இல்லாத வீடும் இருக்கிற பெண்ணுக்குத்தான் நாலு நல்ல இடம் வரும் என்று அவரிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம் ஆன்லைனில் திறந்திருக்கிறது. சேலத்தை முதலாவதாகவும் திருச்சிக்குத் தனியாகவும் போடுங்கள். சமுதாயச் சான்றிதழ் கையில் இருக்கிறது என்றீர்கள். வருமானச் சான்றிதழ் பழசாகியிருந்தால் நாளைக்கே இ-சேவை மையத்தில் எழுதிக்கொடுங்கள். தனியார் கல்லூரிக்குக் கட்டிய முன்பணம் 25,000 திரும்பி வராவிட்டாலும் போகட்டும். அதற்காக 10 லட்சம் கடன் வாங்க வேண்டாம்.

இன்னொரு வேலை. அடுத்த முறை உள்ளூரில் போர் போடும்போது பாப்பாவையும் கூட்டிப்போங்கள். மருந்துக்கடைத் தெர்மாமீட்டர் உதவாது. பள்ளி லேபில் இருக்குமே, 100 டிகிரி வரை காட்டுகிறது, அதை அவள் டீச்சரிடம் கேட்டு வாங்கட்டும். தண்ணீர் தட்டுப்படுகிற ஒவ்வொரு ஆழத்திலும் அளந்து எழுதட்டும். கம்ப்ரசர் காற்றும் ஹேமரும் சூட்டைக் கலைத்துவிடும், அதனால் போர் முடிந்து மோட்டார் இறக்கிய மறுநாளும் ஒருமுறை அளக்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் ஏன் என்று அவளே யோசிக்கட்டும். சனிக்கிழமை வரும்போது அந்த நோட்டையும் நாற்பது பாட்டிலையும் கொண்டுவாருங்கள். மாமாவும் வரட்டும்.